சைக்கிளும் நடையும் ஒரே பாதையில்: சிங்கப்பூரில் சண்டை தீராதது ஏன்?

பூங்கா இணைப்புப் பாதை வழியாக நாள்தோறும் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் ஒருவர் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். மூன்று பேர் பாதையை அடைத்துக்கொண்டு இணையாக நடந்து செல்லும்போது மணி அடித்தால் முறைக்கிறார்கள், அடிக்காமல் கடந்தால் திட்டுகிறார்கள் என்று சொல்லும் அவர், சட்டப்படி யாருக்கு முன்னுரிமை, நியாயப்படி யார் ஒதுங்க வேண்டும், இந்தச் சண்டை ஏன் தீர்வதே இல்லை என்று அறிய விரும்புகிறார். முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை சுருக்கமானது. நடப்பவருக்கே முன்னுரிமை, வேகமாக வருபவரே வேகத்தைக் குறைத்து, இடம் கிடைக்கும்வரை பொறுத்திருந்து கடக்க வேண்டும். மூன்றாவது கேள்விக்குத்தான் விரிவான பதில் தேவைப்படுகிறது. சண்டையிடும் இருவரில் எவருடைய குணத்திலும் அதன் வேர் இல்லை என்பதும், சிங்கப்பூரின் சட்டங்களே ஏறத்தாழ பத்து ஆண்டுகளாக அதைப் படிப்படியாக ஒப்புக்கொண்டு வந்திருக்கின்றன என்பதும் என் கருத்து.

நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது 2018 வரை சிங்கப்பூரில் பொதுவாகக் குற்றமாகவே இருந்தது. தெம்பனிஸ் நகரம் மட்டும் விதிவிலக்கு. அங்கே 2007இல் சோதனை முயற்சியாகத் தொடங்கிய ஏற்பாடு, 2010இல் நிரந்தரமாக்கப்பட்டது. சாலையில் சைக்கிள் ஓட்ட அஞ்சிய முதியவர்களும் மாணவர்களும் சந்தைக்குச் செல்லும் இல்லத்தரசிகளும் ஏற்கெனவே நடைபாதையில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதால், நடப்பில் இருந்ததையே சட்டம் ஏற்றுக்கொண்டது எனலாம். பின்னர் 2015இல் அமைக்கப்பட்ட ஆலோசனைக் குழு அடுத்த ஆண்டில் தன் பரிந்துரைகளை அளித்தது. அவற்றின் அடிப்படையில் 2017 ஜனவரியில் நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டத்தை நிறைவேற்றியது. 2018 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி நடைபாதையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்திலும், சைக்கிள் பாதை, பூங்கா இணைப்புப் பாதை போன்ற பகிர்வுப் பாதைகளில் 25 கிலோமீட்டர் வேகத்திலும் செல்லலாம் என்றானது. சைக்கிளுடன் மின்ஸ்கூட்டர் போன்ற தனிநபர் நடமாட்டச் சாதனங்களும் இந்த அனுமதிக்குள் வந்தன.

இந்த எண்களைச் சற்று நின்று கவனித்தால் சண்டையின் வேர் தெரியும். நடப்பவரின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் அளவில் இருக்கும்; அதாவது நொடிக்கு ஒன்றரை மீட்டருக்கும் சற்றுக் குறைவு. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சைக்கிள் நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் கடக்கிறது. எதிரே ஒரு குழந்தை ஓடி வருவதைக் கண்டு, மூளை அதை உணர்ந்து, கை பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை நொடி ஆகிறது என்று கொண்டால், சைக்கிள் வேகம் குறையத் தொடங்குவதற்குள்ளேயே 10 மீட்டர் போய்விடும். நல்ல பிரேக், காய்ந்த தரை என்று வைத்துக்கொண்டாலும், அதன்பின் நிற்பதற்கு மேலும் 8 மீட்டர் தேவைப்படும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வருபவரோ மொத்தம் ஐந்தரை மீட்டருக்குள் நின்றுவிடுவார். அதோடு, வேகம் இரண்டரை மடங்காகும்போது மோதலின் ஆற்றல் ஆறு மடங்குக்கும் மேலாகிறது. ஆகவே 10 கிலோமீட்டரும் 25 கிலோமீட்டரும் ஒரே செயலின் இரு அளவுகள் அல்ல. ஒன்றில் தவறு நேர்ந்தால் பெரும்பாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போகலாம், மற்றொன்றில் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டிவரலாம்.

அகலத்தின் கணக்கு இதைவிடக் கடுமையானது. குடியிருப்புப் பேட்டைகளின் நடைபாதைகள் பல ஒன்றரை மீட்டர் அகலம் கொண்டவை. இருவர் பேசிக்கொண்டு இணையாக நடந்தால் 1.2 மீட்டர் போய்விடுகிறது. மீதம் 30 சென்டிமீட்டர். பல சைக்கிள்களின் கைப்பிடியே ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் இருக்கும். ஆக, இணையாக நடக்கும் இருவரை ஒரு சைக்கிளோட்டி கடக்க வேண்டுமானால், அவர்களில் ஒருவர் பேச்சை நிறுத்திப் பின்வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலையைப் பாதையே உண்டாக்கிவிடுகிறது. தாயும் மகளும் இணையாக நடப்பதை ஒழுங்கீனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அப்படி நடக்க முடியாத பாதைதான் குறையுள்ளது.

கேள்வி கேட்டவரிடம் நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. சைக்கிளில் இருப்பவருக்கு, தான் 50 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பத்திரமாகக் கடந்துவிட்டோம் என்றே தோன்றும். அவர் முன்னே பார்க்கிறார், தன் வேகத்தை அறிவார், எப்போது திரும்பப்போகிறோம் என்பதும் அவருக்குத் தெரியும். நடப்பவருக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. முதுகுப் பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் வந்த ஒன்று தோளை உரசுவதுபோலப் போனது என்பது மட்டுமே அவர் அனுபவம். மூட்டுவலியுடன் நடக்கும் எழுபது வயது மூதாட்டி திடுக்கிட்டு ஓர் அடி தவறினால், சைக்கிள் படாமலேயே இடுப்பெலும்பு முறியலாம். மோதல் நடந்தால்தான் அது விபத்துக் கணக்கில் சேரும்; இந்தத் திடுக்கிடல் எந்தக் கணக்கிலும் சேராது. மாலை நடையை விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடும் முதியவரும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறமாட்டார். எனவே விபத்துகள் குறைவாக உள்ளன என்பதை வைத்து, பகிர்வுப் பாதை நன்றாக இயங்குகிறது என்று சொல்லிவிடக் கூடாது. பயந்தவர்கள் பாதையை விட்டு விலகியபின் விபத்து குறைவது இயல்பே.

சட்டம் நடைமுறைக்கு வந்த ஓராண்டுக்குள்ளேயே பின்வாங்கல் தொடங்கியது. நடைபாதை வேக வரம்பு 2019 பிப்ரவரி முதல் 15இலிருந்து 10 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. சாலையைக் கடக்குமிடத்தில் நின்று பார்த்த பிறகே செல்ல வேண்டும் என்ற விதியும் அப்போதே வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டர் மோதி 65 வயதுப் பெண்மணி ஒருவர் உயிரிழந்தது நாட்டை உலுக்கியது. அவர் நடந்து சென்றவர் அல்லர், சைக்கிளில் சென்றவர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். பிளவு சைக்கிளோட்டிகளுக்கும் பாதசாரிகளுக்கும் இடையில் இல்லை, வேகமானவற்றுக்கும் மெதுவானவற்றுக்கும் இடையில்தான் இருக்கிறது என்பதற்கு அதைவிட வேதனையான சான்று வேண்டியதில்லை. நவம்பர் 4ஆம் தேதி போக்குவரத்து மூத்த துணையமைச்சர் லாம் பின் மின் நாடாளுமன்றத்தில் அறிவிக்க, மறுநாளே நடைபாதைகளில் மின்ஸ்கூட்டருக்குத் தடை வந்தது. அதுவரை சுமார் 5,500 கிலோமீட்டர் நடைபாதையிலும் ஓடிய வாகனம், ஒரே இரவில் சுமார் 440 கிலோமீட்டர் சைக்கிள் பாதைக்கும் பூங்கா இணைப்புப் பாதைக்கும் சுருக்கப்பட்டது.

அந்தத் தடை சரியானது; அது வந்த விதம் சரியானதல்ல என்பது என் எண்ணம். உணவு விநியோகம் செய்த ஆயிரக்கணக்கானோர், அனுமதி இருக்கிறது என்று நம்பித்தான் அந்தச் சாதனங்களை வாங்கியிருந்தார்கள். தொகுதி மக்கள் சந்திப்புகளில் அவர்கள் திரண்டு வந்து முறையிட்டார்கள். அடுத்த சில நாள்களில் 70 லட்சம் வெள்ளி மதிப்பிலான உதவித் திட்டம் அறிவிக்கப்பட்டது. மின்ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு மின்சைக்கிளுக்கோ சைக்கிளுக்கோ மாற அது வழிசெய்தது. (மின்சைக்கிளுக்கும் நடைபாதையில் இடமில்லை என்பது தனிக் கதை.) ஒன்றரை மீட்டர் அகலப் பாதையில் 15 கிலோமீட்டர் வேகம் பொருந்தாது என்பதை 2016இலேயே ஓர் அளவுநாடாவும் சிறு கணக்கும் காட்டியிருக்கும். அந்தக் கணக்கைப் போடாததன் விலையை முதலில் பாதசாரிகளும் பிறகு விநியோக ஊழியர்களும் கொடுத்தார்கள்.

இனி மணி அடிக்கும் விஷயத்துக்கு வருவோம், ஏனெனில் கேள்வியின் சூடு அங்கேதான் இருக்கிறது. மணி அடிப்பது தவறல்ல. பாதுகாப்பாகச் சென்று பழகியவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். பிரிட்டனில் 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட சாலை விதித்தொகுப்பும், நடப்பவர்களை நெருங்கும்போது மணி அடித்தோ மரியாதையாகக் குரல் கொடுத்தோ தெரிவிக்கலாம் என்றும், மிக நெருக்கமாகவோ மிக வேகமாகவோ, குறிப்பாகப் பின்னாலிருந்து, கடக்கக் கூடாது என்றும் சொல்கிறது. கேட்பவர் செவித்திறனோ பார்வையோ குறைந்தவராக இருக்கலாம் என்பதையும் அது நினைவூட்டுகிறது. சிக்கல் மணியில் இல்லை, அது எந்தத் தூரத்தில், எந்த வேகத்தில் ஒலிக்கிறது என்பதில் இருக்கிறது. 5 மீட்டர் தூரத்தில் வேகம் குறையாமல் அடிக்கப்படும் மணி, காரின் ஹாரன்போல “விலகு” என்றே காதில் விழும். நடப்பவர் பதறி எந்தப் பக்கமும் பாயலாம், சைக்கிள் வரும் பக்கமேகூடப் பாயலாம். 20 மீட்டர் தூரத்தில், 15 கிலோமீட்டருக்குக் குறைத்துக்கொண்டு, ஒருமுறை மென்மையாக அடித்தால், அவரும் முன்னே நடந்துகொண்டிருப்பதால், திரும்பிப் பார்க்க ஏழு நொடி கிடைக்கிறது. இதே 20 மீட்டர் தூரத்தில் 25 கிலோமீட்டர் வேகத்துடன் வந்தால் கிடைப்பது மூன்றரை நொடிதான். திரும்பிப் பார்த்து, புரிந்துகொண்டு, குழந்தையின் கையைப் பிடித்து இழுக்க அது போதாது.

மணி அடித்த பின் அவர் ஒதுங்கினால் நன்றி சொல்லிக் கடந்து போகலாம். ஒதுங்காவிட்டால், காதில் இயர்போன் மாட்டியிருக்கிறார் அல்லது கேட்கவில்லை என்று கொண்டு, நடை வேகத்துக்கு இறங்கி, “அண்ணே, வலப்பக்கம் வர்றேன்” என்பதுபோல ஒரு வார்த்தை சொல்வது மேல். இரண்டாவது, மூன்றாவது மணி எப்போதும் கோபமாகவே கேட்கும். இதனால் உங்கள் பயணம் தாமதமாகும் நேரத்தைக் கணக்கிட்டால், ஒவ்வொரு முறையும் பத்து நொடிக்குச் சற்று மேலே போனால் அதிகம்.

நடப்பவர்களுக்குப் பொறுப்பே இல்லையா என்றால், இருக்கிறது; ஆனால் இரண்டும் சமமான பொறுப்புகள் அல்ல. இடப்பக்கமாக நடப்பது, நாயின் கயிற்றைப் பாதைக்குக் குறுக்கே நீள விடாமல் இருப்பது, பின்னால் பார்க்காமல் சட்டென்று திசை மாறாமல் இருப்பது, இரு காதையும் அடைத்துக்கொள்ளாமல் இருப்பது ஆகியவற்றை எதிர்பார்க்கலாம். பக்கத்திலேயே தனி நடைபாதை இருக்கும்போது சிவப்பு நிறச் சைக்கிள் பாதையில் கூட்டமாக உலாவுவது மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் நடப்பவர் தவறு செய்தால் சைக்கிளோட்டிக்கு எரிச்சலும் தாமதமுமே பெரும்பாலும் மிஞ்சும்; சைக்கிளோட்டி தவறு செய்தால் நடப்பவரின் எலும்பு முறிகிறது. இந்த ஏற்றத்தாழ்வுதான் முன்னுரிமை விதியின் அடிப்படை. குழந்தை குழந்தையாகத்தான் நடந்துகொள்ளும் என்பதை அறிந்து ஓட்ட வேண்டியது வளர்ந்தவர் கடமை.

பாதையின் நடுவே வெள்ளைக் கோடு போட்டால் தீர்ந்துவிடாதா என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. கோடு, சைக்கிளோட்டிக்கு உரிமை உணர்வைக் கூட்டி வேகத்தை ஏற்றிவிடுகிறது. நடப்பவரோ அதைக் கவனிப்பதே இல்லை. பார்வையற்றவரின் கைத்தடிக்கு வண்ணப்பூச்சு தட்டுப்படாது என்பது அதைவிடப் பெரிய குறை. உயர வேறுபாடோ, புல்வெளிப் பட்டையோ, காலால் உணரக்கூடிய தரையோ இருந்தால்தான் அது பிரிவினை. சைக்கிள் கட்டமைப்புக்காகப் பிரிட்டன் அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட வடிவமைப்பு வழிகாட்டி, நகரத் தெருக்களில் சைக்கிள்களை வாகனங்களாகவே கருத வேண்டும், பாதசாரிகளோடு கலக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஜப்பான் நேர்மாறான வழியில் சென்ற நாடு. 1970களிலேயே நடைபாதையில் சைக்கிளை அனுமதித்தது. அங்கே 2008இல் 11 வயதுச் சிறுவன் ஓட்டிய சைக்கிள் மோதி ஒரு பெண்மணி நினைவு திரும்பாத நிலைக்குப் போனார். 2013இல் கோபே மாவட்ட நீதிமன்றம் சிறுவனின் தாயார் ஏறத்தாழ 9.5 கோடி யென் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் 2015இல் ஹியோகோ மாநிலம் சைக்கிள் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது, பிற மாநிலங்களும் தொடர்ந்தன. காப்புறுதி நல்லதுதான், ஆனால் அது மோதலுக்குப் பின்னால் வருவது.

சிங்கப்பூர் இப்போது பிரிக்கும் வழிக்கு வந்திருக்கிறது. சைக்கிள் பாதையை ஒட்டியே நடைபாதையும் இருக்குமிடங்களில், அந்த நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டுமே என்ற விதி 2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. அத்தகைய பாதையில் சைக்கிள் ஓட்டுவது குற்றம். சைக்கிள் பாதைக் கட்டமைப்பை 2030க்குள் சுமார் 1,300 கிலோமீட்டராக்கும் திட்டமும் நடந்துவருகிறது. இவை இரண்டும் சேர்ந்தால்தான் பயன். பாதை போடாமல் தடை மட்டும் போட்டால் 2019தான் திரும்பி வரும். பிரிந்த பாதைகள்கூடப் பேருந்து நிறுத்தத்திலும், எம்ஆர்டி ரயில் நிலைய வாசலிலும், வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து ஆள்கள் வெளிவரும் மூலையிலும் மறுபடி கலந்தே தீரும். மோதல்களுக்கு வாய்ப்பு மிகுந்த இடங்கள் அவைதான். ஆங் மோ கியோவில் செய்ததுபோலச் சைக்கிள் பாதையைப் பேருந்து நிறுத்தத்தின் பின்புறமாகச் சுற்றிக் கொண்டுபோவது ஒரு நல்ல தீர்வு. பேருந்திலிருந்து இறங்குபவர் முதல் அடியையே சைக்கிள் சக்கரத்தின் முன் வைக்கும் நிலை அங்கே தவிர்க்கப்படுகிறது.

இதற்கெல்லாம் இடம் எங்கிருந்து வரும் என்பதுதான் பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி. பகிர்வு என்று நாம் சொல்லிவந்தது பெரும்பாலும் நடப்பவரின் இடத்தைச் சைக்கிளோட்டியுடன் பங்கிட்டதைத்தான். காரின் இடம் தொடப்படவில்லை. பெற்றோர் உயில் எழுதும்போது பெரிய வீட்டை ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, மற்ற இருவரையும் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னால், அந்த இருவரும் ஒருவரையொருவர்தான் குறை சொல்வார்கள். மாறுபட்ட எடுத்துக்காட்டு ஒன்றும் நம் நகரிலேயே உண்டு. பென்கூலன் ஸ்திரீட்டில் டௌன்டவுன் ரயில் பாதைக் கட்டுமானம் முடிந்தபின், 2017இல் நான்கு தடச் சாலை இரண்டாகக் குறைக்கப்பட்டு, அதில் ஒன்று பேருந்துக்கு ஒதுக்கப்பட்டது. மிஞ்சிய இடத்தில் அகலமான நடைபாதை, தனிச் சைக்கிள் பாதை, சைக்கிள் நிறுத்துமிடம், மரநிழலில் இருக்கைகள் ஆகியவை வந்தன. நகரின் போக்குவரத்து அதனால் நின்றுபோய்விடவில்லை. அதுபோன்ற தெருக்கள் இன்னும் பல இல்லை என்பதுதான் வியப்பு.

கேள்வி கேட்டவர் தம் பயண வேகத்தைக் குறிப்பிடவில்லை. மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டுக்கொண்டே போனால்தான் நேரத்துக்கு வேலைக்குப் போக முடியும் என்றால், கூட்டம் மிகுந்த காலை, மாலை வேளைகளில் பூங்கா இணைப்புப் பாதை அவருக்கு ஏற்றதல்ல. தலைக்கவசம் அணிந்து சாலையில் செல்வதே பொருத்தம். சாலை விதிகளும் கடமைகளும் அதோடு சேர்ந்து வரும். சாலைக்கு அஞ்சுகிறார் என்றால் அந்த அச்சம் நியாயமானதே. அப்போது பாதையின் வேகத்தை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். 25 என்பது உச்ச வரம்பு, எட்ட வேண்டிய இலக்கு அல்ல. கூட்டத்தின் நடுவே அதில் பாதியும் அதிகம். வேகமானி இல்லாத சைக்கிளில் 10 கிலோமீட்டரை எப்படி அறிவது என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓடுபவரின் வேகம் அதுவே. நடைபாதையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரை எளிதாக முந்திவிட்டீர்கள் என்றால், பெரும்பாலும் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.

மோதல் நேர்ந்துவிட்டால், யார் மீது தவறு என்று வாதாடுவதற்கு முன் நிற்க வேண்டும், உதவ வேண்டும், பெயரும் தொடர்பு விவரமும் தர வேண்டும். இது சட்டக் கடமை, “ஒன்றும் ஆகவில்லை” என்று அடிபட்டவர் சொன்னாலும் சரி. முதியவர்களுக்கு வலியும் வீக்கமும் பல மணி நேரம் கழித்தே தெரியவரலாம்.

அடுத்து, உங்கள் வழியில் எந்த மூலையில் அடிக்கடி பிரேக் போட வேண்டியிருக்கிறது, எங்கே புதரோ சுவரோ பார்வையை மறைக்கிறது, எந்தப் பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்போர் வரிசை பாதைக்குள் நீள்கிறது என்பதைப் படம் எடுத்து, நேரத்தையும் குறிப்பிட்டு, பொது இடக் குறைகளை அரசுக்குத் தெரிவிக்கும் ஒன்சர்வீஸ் செயலியில் பதிவுசெய்யுங்கள். “பாதசாரிகள் ஒதுங்குவதில்லை” என்ற புகாரை வைத்து எந்தப் பொறியாளரும் எதையும் கட்ட முடியாது. புளோக் எண்ணும் திசையும் குறித்து, இந்த வளைவில் எதிரே வருபவர் 6 மீட்டருக்கு முன்புதான் கண்ணில் படுகிறார் என்று எழுதினால், புதரை வெட்டலாமா, குவிகண்ணாடி வைக்கலாமா, பாதையை அரை மீட்டர் நகர்த்தலாமா என்று அவரால் முடிவெடுக்க முடியும்.